ரேசர் எம்எக்ஸ்350 டர்ட் பைக்: பேட்டரியை வீட்டிலேயே மாற்ற முழுமையான வழிகாட்டி

பையன் ஆசையாக ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறான். வண்டி நான்கு அடி நகர்ந்து நின்றுவிடுகிறது. ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டிருந்தோமே, பச்சை விளக்கும் எரிந்ததே என்று குழம்பி, மோட்டார் போய்விட்டதோ, மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் எரிந்துவிட்டதோ என்று பயப்படுகிறோம். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். மூன்று மாதம் கேரேஜில் சார்ஜ் போடாமல் கிடந்த வண்டி. பழுது மோட்டாரில் இல்லை, பேட்டரியில்தான். இந்த வகைச் சிறிய எலெக்ட்ரிக் டர்ட் பைக்குகளில் முதலில் சாவது பெரும்பாலும் பேட்டரிதான். மாற்றுவதற்கு மெக்கானிக் வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ரேசர் எம்எக்ஸ்350. இங்கே டெக்ஸஸில் பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் இருக்கிற வண்டி. 13 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு என்று விற்கப்படுவது. 350 வாட் மோட்டார், மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர் வேகம். எம்எக்ஸ்500, எம்எக்ஸ்650 வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான். அவற்றில் இரண்டுக்குப் பதில் மூன்று பேட்டரி, 24 வோல்ட்டுக்குப் பதில் 36 வோல்ட். எண்களை மட்டும் அதற்கேற்ப மாற்றிப் படியுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

சைடு கவருக்குள் இருப்பது ஒரு பேட்டரி அல்ல, இரண்டு. ஒவ்வொன்றும் 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்ற அளவு), தண்ணீர் ஊற்ற வேண்டாத சீல் செய்த லெட் ஆசிட் வகை. ஊரில் கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸுக்குள் பார்த்திருப்பீர்களே, அதே அளவு, அதே வடிவம். நீளம் 151 மில்லிமீட்டர், அகலம் 65, உயரம் 94. இரண்டையும் தொடராக, அதாவது ஒன்றின் மைனஸை மற்றதன் பிளஸ்ஸோடு இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருக்கிறார்கள். தொடர் இணைப்பில் வோல்ட் கூடும், ஏஎச் கூடாது. ஆகவே மொத்தம் 24 வோல்ட், அதே 7 ஏஎச்.

இரண்டு மாடு பூட்டிய வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நுகத்தடி. ஒரு மாடு நொண்டினால் நல்ல மாடும் அதன் வேகத்துக்குத்தான் நடக்க முடியும். இங்கே நிலைமை இன்னும் மோசம். நொண்டி பேட்டரி முதலில் காலியாகிவிடும். ஆனால் நல்லது இன்னும் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தக் கரண்ட் காலியான செல்கள் வழியாகத்தான் போயாக வேண்டும், போகும்போது அவற்றைத் தலைகீழாக சார்ஜ் ஏற்றிக் கெடுக்கும். அதனால் ஒன்றை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். சோதனையில் ஒன்று மட்டும் கெட்டது என்று தெரிந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரே கம்பெனி, ஒரே ஏஎச், முடிந்தால் ஒரே தயாரிப்புத் தேதி. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

பேட்டரிதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

சார்ஜரைச் செருகியதும் சில நிமிடங்களிலேயே பச்சைக்கு மாறுகிறதா? அது நல்ல செய்தி அல்ல. பேட்டரி உள்ளே கெட்டித்துப்போய் சார்ஜை வாங்க மறுக்கிறது என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். லெட் ஆசிட் பேட்டரி காலியாகும்போது தட்டுகளில் லெட் சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். காலியாகவே வாரக்கணக்கில் விட்டால் கெட்டியான படிகமாகி, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. ஸ்கூல் திறந்ததும் வண்டியை ஓரங்கட்டி, அடுத்த லீவில் எடுக்கும் வீடுகளில் பேட்டரி சாவது இப்படித்தான்.

மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். விலை குறைந்த மீட்டரே போதும், டிசி வோல்ட்டில் வைத்துப் பார்க்கப் போகிறோம், அவ்வளவுதான். முழு சார்ஜ் ஏற்றி, சார்ஜரைக் கழற்றி, சில மணி நேரம் ஆற விட்டுப் பிறகு ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளக்கவும். நல்ல பேட்டரி 12.8 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 12-ஐ ஒட்டிக் காட்டினால் சார்ஜ் நிற்கவில்லை. 10.5-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ என்றால் உள்ளே இருக்கும் ஆறு செல்களில் ஒன்று முழுக்கச் செத்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு செல் சுமார் 2.1 வோல்ட், அதைக் கழித்தால் கணக்கு கிட்டத்தட்ட அங்கே வந்து நிற்கும்.

ஆனால் சும்மா இருக்கும்போது காட்டும் வோல்ட்டை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். கெட்ட பேட்டரியும் 12.7 காட்டும். சுமை ஏற்றினால்தான் குட்டு வெளிப்படும். அதற்கு வீட்டிலேயே எளிய வழி இருக்கிறது: காரின் 12 வோல்ட் 55 வாட் ஹாலஜன் ஹெட்லைட் பல்பு ஒன்று. அதை ஒரு பேட்டரியில் மட்டும் இணைத்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருங்கள். சுமார் நாலரை ஆம்பியர் இழுக்கும். நல்ல பேட்டரி கொஞ்சம் இறங்கி 12-ஐ ஒட்டி நிற்கும், முக்கால் மணி நேரத்துக்கு மேல் பல்பை எரிக்கும். கெட்டது ஓரிரு நிமிடங்களில் 10-க்குக் கீழே விழும், பல்பும் மஞ்சளாக மங்கும். பல்பு கடுமையாகச் சுடும், ஓட்டு வில்லையின் மேலோ சிமெண்ட் தரையிலோ வைத்து எரியுங்கள். பிள்ளைகள் எட்டி நிற்கட்டும். இரண்டாவது பேட்டரியையும் இப்படியே பார்க்கவும். இதற்கு முதலில் வண்டியைத் திறக்க வேண்டும். திறக்கும் முறை கீழே இருக்கிறது.

பேட்டரி இரண்டும் சோதனையில் தேறிவிட்டால் புதிது வாங்க ஓடாதீர்கள். சார்ஜரை அளந்து பாருங்கள். 24 வோல்ட் சார்ஜர் என்று எழுதியிருந்தாலும் வேலை செய்யும் சார்ஜர் 24-க்கு மேல்தான் தர வேண்டும். பேட்டரி நிரம்ப நிரம்ப 28, 29 வோல்ட் வரை போக வேண்டும். பிரேக் லீவரையும் கவனியுங்கள். பிரேக் பிடித்தால் மோட்டாருக்குப் போகும் கரண்டை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று அதற்குள் இருக்கிறது. விழுந்து லீவர் வளைந்தால் அந்த சுவிட்ச் அழுத்தியபடியே நின்றுவிடும், வண்டி அசையாது.

எதை வாங்குவது

12 வோல்ட், 7 ஏஎச் என்று கேட்டால் போதாது. மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது டெர்மினல். இதே அளவு பேட்டரியில் இரண்டு வகைத் தட்டை டெர்மினல் வருகிறது. எஃப்1 என்றால் 4.75 மில்லிமீட்டர் அகலம், எஃப்2 என்றால் 6.35 மில்லிமீட்டர். உங்கள் வண்டி ஒயரின் முனையில் டெர்மினலைக் கவ்வும் லக் எந்த அகலமோ அதே வகையைத்தான் வாங்க வேண்டும். அகலமான லக்கைக் குறுகிய டெர்மினலில் மாட்டி, குறடால் நசுக்கி இறுக்குபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு நாள் ஓடும். பிறகு மேடு ஏறும்போது பதினைந்து ஆம்பியருக்கு மேல் கரண்ட் போகும், தளர்ந்த இடம் சூடாகும், பிளாஸ்டிக் உருகும். பழைய பேட்டரியைக் கழற்றி அளந்த பிறகே ஆர்டர் போடுங்கள்.

இரண்டாவது தேதி. கடை அலமாரியில் சும்மா இருக்கும் பேட்டரியும் மாதத்துக்குச் சுமார் 3 சதவீதம் தானாகவே இறங்கும். வெயில் காலத்தில் இன்னும் வேகம். ஒரு வருஷம் தூசி படிந்து கிடந்தது புதிது என்ற பெயரில் உங்கள் கைக்கு வந்தால், அது ஏற்கெனவே பாதி கெட்டித்திருக்கும். கடையிலோ வீட்டு வாசலில் பெட்டியைப் பிரித்த உடனேயோ மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.5-க்குக் கீழே இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

மூன்றாவது ஏஎச். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 7 ஏஎச் என்பது 20 மணி நேரக் கணக்கு. 0.35 ஆம்பியர் வீதம் மெதுவாக எடுத்தால் 20 மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். 7-ஐ 15-ஆல் வகுத்து, 15 ஆம்பியர் எடுத்தால் 28 நிமிஷம் ஓடும் என்று கணக்குப் போட்டால் தவறு. லெட் ஆசிட்டில் வேகமாக உறிஞ்சினால் கிடைப்பது குறைந்துவிடும். அவ்வளவு வேகத்தில் எடுத்தால் கால் மணி நேரம்கூட முழுசாக நிற்பது சந்தேகம். வண்டிக்குச் சொல்லப்படும் அரை மணி நேர ஓட்டம், சமதளத்தில், பிள்ளையின் எடைக்கு, முறுக்கியும் விட்டும் ஓட்டும்போது கிடைப்பது. அப்பா ஏறி மணலில் ஓட்டினால் கிடைக்காது. வண்டி தாங்கும் எடையே 64 கிலோதான். இதே பெட்டி அளவில் 9 ஏஎச் பேட்டரியும் கிடைக்கிறது. இடம் சரியாகப் பொருந்தும், ஓட்டம் கொஞ்சம் நீளும், சார்ஜ் ஏறக் கூடுதல் நேரம் பிடிக்கும், எடை சற்றுக் கூடும். வாங்கினால் இரண்டும் 9. ஒன்று 7, ஒன்று 9 என்று கலக்கவே கூடாது.

லித்தியம் பேட்டரி போடலாமா என்று கேட்பார்கள். எடை பாதிக்கு மேல் குறையும், ஓட்டம் நீளும், உண்மைதான். ஆனால் பழைய லெட் ஆசிட் சார்ஜரை அதில் பயன்படுத்தக் கூடாது. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த லித்தியத்தை சார்ஜ் செய்யவும் கூடாது. உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டு இந்த மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். யார் செய்தது என்றே தெரியாத மலிவான லித்தியம் பெட்டி, பிள்ளையின் இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கப் போகிறது. எனக்கு மனசு வரவில்லை. லெட் ஆசிட்டே போட்டேன்.

இன்னொன்று, எம்எக்ஸ்350 என்ற ஒரே பெயரில் பல பதிப்புகள் வந்திருக்கின்றன. ஒயர் சாக்கெட் மாறியிருக்கலாம். வண்டியின் ஸ்டிக்கரில் உள்ள எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒயரோடு சேர்ந்த ரெடிமேட் செட் வாங்குபவர்களுக்கு இது கட்டாயம். வெறும் பேட்டரி மட்டும் வாங்கி, பழைய ஒயரையே மாட்டுவது செலவும் குறைவு, சாக்கெட் பிரச்சினையும் இல்லை.

கழற்றுதல்

சுவிட்சை அணைக்கவும். சார்ஜர் செருகியிருக்கக் கூடாது. மோதிரம், வாட்ச், கைக் காப்பு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். 24 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியம் வேண்டாம். பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே மோதிரம் பட்டால் ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அணிவதும் நல்லது.

ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஆலன் கீ செட், சின்ன ஸ்பேனர் செட், இன்சுலேஷன் டேப், மார்க்கர் பேனா. இவ்வளவு போதும்.

சைடு கவர் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். எல்லா ஸ்க்ரூவும் ஒரே நீளம் இல்லை. நீளமானதைத் தவறான ஓட்டையில் முடுக்கினால் உள்ளே ஒயரைக் குத்திவிடும். முட்டை அட்டையின் ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு இடத்து ஸ்க்ரூவைப் போட்டு, பக்கத்தில் பேனாவால் எழுதிவிடுங்கள். கவர் வராவிட்டால் இழுக்காதீர்கள், இன்னும் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

திறந்ததும் கை வைக்கும் முன் போனை எடுத்து நாலு பக்கமும் படம் எடுங்கள். எந்த ஒயர் எந்த டெர்மினலில், எந்தப் பக்கம் வளைந்து போகிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். திரும்ப மாட்டும்போது இந்தப் படம்தான் உங்கள் வாத்தியார்.

பேட்டரியிலிருந்து கண்ட்ரோலருக்குப் போகும் சாக்கெட்டை முதலில் பிரிக்கவும். பிளாஸ்டிக் நாக்கை அமுக்கிக்கொண்டு சாக்கெட் உடம்பைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பிறகு பேட்டரியைப் பிடித்திருக்கும் பட்டையைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து வெளியே எடுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல். பக்கவாட்டில் ஸ்பாஞ்சு செருகியிருந்தால் தூக்கிப் போடாதீர்கள். குதித்து ஓடும் வண்டியில் பேட்டரி ஆடாமல் காப்பது அதுதான்.

பேட்டரி வயிறு ஊதியிருந்தாலோ, ஓரத்தில் ஈரமோ வெள்ளைப் பொடியோ இருந்தாலோ ரப்பர் கையுறை போட்டுத் தொடவும். அது ஆசிட். கையில் பட்டால் ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவ வேண்டும், கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே டாக்டரைக் கூப்பிட வேண்டும். வண்டியில் கொட்டிய இடத்தில் சமையல் சோடா கலந்த தண்ணீரால் துடைத்தால் ஆசிட் முறியும்.

ஒயர் மாற்றுதல்: தவறு நடக்கும் இடம்

மேஜை மேல் பழைய இரண்டும், பக்கத்தில் அதே திசையில் புதிய இரண்டும். புதியவற்றின் எல்லா டெர்மினலிலும் டேப் ஒட்டிவிடுங்கள். எதில் வேலையோ அதை மட்டும் பிரியுங்கள்.

இரண்டு பேட்டரியையும் இணைக்கும் சின்ன ஒயரைப் பாலம் என்று வைத்துக்கொள்வோம். கழற்றும்போது முதலில் பாலம். அது போனதும் 24 வோல்ட் என்பதே இல்லை, தனித்தனி 12 வோல்ட்தான். மாட்டும்போது கடைசியில் பாலம்.

முதல் பேட்டரியின் பிளஸ்ஸில் சிவப்பு ஒயர். இரண்டாம் பேட்டரியின் மைனஸில் கறுப்பு ஒயர். மிஞ்சுவது முதல் பேட்டரியின் மைனஸும் இரண்டாவதன் பிளஸ்ஸும். அவற்றுக்கு நடுவே பாலம். பாலத்தின் இரண்டு முனையும் ஒரே பேட்டரியில் மட்டும் விழவே கூடாது. அது நேரடி ஷார்ட், ஒயர் கண் முன்னே உருகும். லக் ஒவ்வொன்றையும் அடிவரை தள்ளி, லேசாக இழுத்துப் பாருங்கள். எளிதில் கழன்று வந்தால் ஏற்கக் கூடாது, புது லக் போடுங்கள்.

இப்போது சாக்கெட்டைச் செருகாதீர்கள். மீட்டரின் சிவப்பு முனை சிவப்பு ஒயரில், கறுப்பு முனை கறுப்பு ஒயரில். 25, 26 வோல்ட் காட்டினால் சரி. முன்னால் கழித்தல் குறி வந்தால் பிளஸ்ஸும் மைனஸும் மாறிவிட்டன. அப்படியே செருகினால் கண்ட்ரோலர் போய்விடும். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டினால், பாலம் மைனஸையும் மைனஸையும் இணைத்து, இரண்டு பேட்டரியும் எதிரெதிராக நிற்கின்றன. வெறும் 12.8 என்றால் ஒரு பேட்டரியை மட்டும் அளக்கிறீர்கள் அல்லது பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று பக்க இணைப்பாகிவிட்டது. இந்த ஒரு நிமிடச் சோதனையைத் தாண்டிப் போகவே கூடாது.

ஃப்யூஸ் இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியரில் புதிது போடவும். பெரிய ஃப்யூஸோ, கம்பியோ சுற்றிப் போட்டால் அடுத்து எரிவது ஒயராகத்தான் இருக்கும்.

திரும்ப மாட்டுதல்

ஸ்பாஞ்சோடு பேட்டரியை வைத்து, ஒயர் எதுவும் பட்டைக்கு அடியிலோ கவர் ஓரத்திலோ நசுங்காமல் பார்த்து முடுக்குங்கள். செயினுக்குப் பக்கம் ஒயர் தொங்கக் கூடாது. சாக்கெட் ‘டக்’ என்று நாக்கு விழும்வரை அழுந்த வேண்டும். கடைசிக் கட்டத்தில் லேசாகப் பொறி பறந்தால் பயப்பட வேண்டாம், கண்ட்ரோலரில் உள்ள கெப்பாசிட்டர் நிரம்புகிறது.

கவர் மூடும் முன் பின்சக்கரத்தை உயர்த்தி வைத்து சுவிட்சைப் போட்டு மெல்ல முறுக்குங்கள். விரல், சட்டை நுனி, துப்பட்டா எதுவும் செயின் பக்கம் போகக் கூடாது. சக்கரம் சுற்றினால், பிரேக் பிடித்ததும் மோட்டார் நிற்கிறதா என்றும் பாருங்கள். பிறகு கவரை மூடி, ஓட்டுவதற்கு முன் முழு சார்ஜ்.

சார்ஜ் போடும் பழக்கம்

வண்டியோடு வந்த அதே 24 வோல்ட் சார்ஜர்தான். கார் பேட்டரி சார்ஜரை நேரடியாக மாட்டக் கூடாது, 7 ஏஎச் பேட்டரிக்குப் பொதுவாக 2 ஆம்பியருக்கு மேல் கரண்ட் ஏற்றுவதில்லை. காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் காஸ் ஹீட்டருக்கும் தள்ளி வையுங்கள். சீல் செய்த பேட்டரியும் கெட்டுப்போனால் ஹைட்ரஜன் விடும்.

பத்து நிமிஷம் ஓட்டினாலும் அன்றைக்கே சார்ஜ். முழுக்கக் காலியாக்கி ஏற்றுவது இதற்கு விஷம். வண்டி வந்ததும் பேட்டரி சூடாக இருந்தால் கொஞ்சம் ஆற விட்டுச் செருகுங்கள். ஓட்டாமல் வைக்கும் மாதங்களிலும் மாதம் ஒரு முறை சார்ஜ் போட வேண்டும். நான் மார்க்கரால் பேட்டரி மேல் மாட்டிய தேதியை எழுதிவிட்டு, சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமையை வட்டமிட்டிருக்கிறேன். டெக்ஸஸ் கேரேஜ் என்றாலும் சென்னை மொட்டைமாடி அறை என்றாலும் கோடையில் வண்டியை வீட்டுக்குள் கொண்டுவர இடம் தேடுங்கள். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இந்த வகை பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

பழைய பேட்டரி

குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. உள்ளே ஈயம், பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. டெர்மினல்களில் டேப் ஒட்டி, ஒன்றோடொன்று உரசாதபடி பெட்டியில் வைத்து எடுத்துப் போங்கள். அமெரிக்காவில் ஆட்டோ பார்ட்ஸ் கடைகளும் பேட்டரி கடைகளும் வாங்கிக்கொள்கின்றன. போகும் முன் ஒரு போன் செய்துவிடுங்கள். இந்தியாவில் 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பயன்படுத்திய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. யுபிஎஸ் பேட்டரி விற்கும் கடையில் கொடுத்தால் பழசுக்கு ஒரு விலை போட்டுப் புதியதில் கழித்துக்கொள்வார்கள். ஊதிப்போனதைக் கேரேஜ் மூலையில் வைத்து மறந்துவிடாதீர்கள். புதியது மாட்டிய அன்றைக்கே பழையதைக் கார் டிக்கியில் நிமிர்த்தி வைத்து எடுத்துப் போய்க் கொடுத்துவிடுங்கள்.